செஞ்சிலுவை இயக்கம்: ஓர் உலக சமூகம் ஒழுங்கமைக்கப்பட்ட விதம்

க.பொ.த. (சாதாரண தரம்) மாணவர்களுக்கான வரலாறு, குடியியல் துணைப்பாடம்



உலக சமாதானத்திற்கும் மனிதகுல சேவைக்கும் உழைக்கும் அமைப்பொன்றை விளக்கும்படி கேட்டால் உங்களில் அநேகர் ஐக்கிய நாடுகள் தாபனத்தையே எழுதுவீர்கள். அதில் தவறில்லை. ஆனால் ஐ.நா. என்பது அரசாங்கங்கள் கூடி 1945 இல் அமைத்த தாபனம். அதற்கு 82 ஆண்டுகளுக்கு முன்னரே, எந்த அரசாங்கப் பதவியின் பேரிலுமன்றித் தாமாகவே முன்வந்த ஐந்து பேர் ஜெனீவா நகரில் கூடித் தொடங்கிய ஒரு முயற்சி இன்று 190 இற்கும் மேற்பட்ட நாடுகளில் சங்கங்களைக் கொண்டுள்ளது. அதுவே செஞ்சிலுவை, செம்பிறை இயக்கம். செஞ்சிலுவைச் சங்கம் ஐ.நா.வின் ஒரு கிளை என்று எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

இப்பாடத்தை வாசிக்கும்போது ஒரு கேள்வியை உங்களுடன் வைத்திருங்கள். இரக்கம் எல்லாக் காலத்திலும் இருந்தது. போர்க்களங்களில் காயப்பட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் எல்லா நாடுகளிலும் இருந்தார்கள். அப்படியிருக்க, 1863 இல் புதிதாக என்ன நடந்தது?

சொல்பெரினோ போர்க்களம்

1859 ஜூன் 24 ஆந் திகதி வட இத்தாலியில் சொல்பெரினோ என்னுமிடத்தில் பெரும் போர் ஒன்று நிகழ்ந்தது. ஒருபுறம் பிரான்சின் மூன்றாம் நெப்போலியனும் சார்டீனிய மன்னரும். மறுபுறம் ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப். இத்தாலிய ஐக்கியத்தைப் படிக்கும்போது இப்போரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 3 இலட்சம் படைவீரர் மோதினர். மாலையில் போர் ஓய்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் இறந்தும் காயமுற்றும் வயல்வெளிகளில் கிடந்தனர்.

அன்று அப்பகுதிக்கு வந்து சேர்ந்தவர் ஹென்றி டூனாண்ட் என்னும் 31 வயது ஜெனீவா வர்த்தகர். அவர் சேவை செய்ய வந்தவரல்லர். அல்ஜீரியாவில் தமது மாவாலை வியாபாரத்துக்குத் தேவையான அனுமதிகள் கிடைக்காததால் நெப்போலியனை நேரில் கண்டு முறையிட வந்தவர். அருகிலிருந்த காஸ்திலியோனே என்ற சிற்றூரின் தேவாலயங்களிலும் வீடுகளிலும் தெருக்களிலும் காயமுற்றோர் வந்து குவிவதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

அங்கு அவர் செய்தவற்றைக் கூர்ந்து கவனியுங்கள். தாமே காயங்களைக் கழுவினார், அது மட்டுமன்று. ஊர்ப் பெண்களைத் திரட்டினார். சிறுவர்களை ஊற்றிலிருந்து நீர் கொண்டுவரும் வேலையில் அமர்த்தினார். தமது வண்டிக்காரனை பிரேசியா நகருக்கு அனுப்பி மருந்தும் துணியும் பழங்களும் வாங்குவித்தார். சிறைபிடிக்கப்பட்டிருந்த ஒஸ்திரிய வைத்தியர்களை விடுவித்துச் சிகிச்சையில் ஈடுபடுத்துமாறு பிரெஞ்சுத் தரப்பிடம் வேண்டினார். ஊர்ப் பெண்கள் பிரெஞ்சுக்காரன், ஒஸ்திரியன் என்று பாராமல் எல்லோரையும் சகோதரராகவே பராமரித்தனர். அவ்வூரில் நடந்தது இரக்கம் மட்டுமன்று, வேலைப் பங்கீடும்தான். பின்னர் வந்த பெரிய அமைப்பின் சிறிய மாதிரி அங்கேயே இருந்தது எனலாம்.

ஆயினும் பயிற்சி பெற்றவர் இல்லை, பொருள் இல்லை, முன்னாயத்தம் இல்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய பலர் இறந்தனர். டூனாண்டை உறுத்தியது இதுவே.

ஒரு நூலும் இரண்டு யோசனைகளும்

தாம் கண்டவற்றை டூனாண்ட் ‘சொல்பெரினோ நினைவுகள்’ என்னும் நூலாக எழுதி, 1862 இல் சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரச குடும்பங்களுக்கும் அறிஞர்களுக்கும் அனுப்பினார். நூலின் பெரும்பகுதி போரின் கொடுமையைச் சொல்கிறது. பரீட்சைக்கு மட்டுமன்றி, உலகிற்கும் முக்கியமானவை அதன் இறுதியில் வரும் இரண்டு யோசனைகள். போர் இல்லாத காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கம் அமைத்துப் பயிற்சியளித்து ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது முதலாவது. அத்தொண்டர்களுக்கும் காயமுற்றோருக்கும் தீங்கு செய்யோம் என்று அரசுகள் முன்கூட்டியே ஒரு சர்வதேச உடன்பாட்டில் வாக்களிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

இரண்டிலும் ‘முன்கூட்டியே’ என்ற எண்ணம் இருப்பதைக் காண்க. தீப்பிடித்த பின் வாளி தேடுவதற்கும், வாளியும் நீரும் ஆட்களும் ஏற்கனவே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இப்பாடத்தின் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

இந்த யோசனையை எல்லோரும் ஏற்கவில்லை. கிரிமியப் போரில் தாதியாகப் புகழ்பெற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார், காயப்பட்ட படைவீரரைப் பராமரிப்பது அரசாங்கத்தின் கடமை. தொண்டர்கள் அதைப் பொறுப்பேற்றால் அரசாங்கங்கள் கைகழுவிவிடும், போர் செய்வதும் இலகுவாகிவிடும் எனக் கருதினார். இந்த ஆட்சேபனை இலேசானதன்று. உதவி நிறுவனங்களைப் பற்றி இன்றும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. விடை எழுதும்போது இதனை ஒரு வரியிலேனும் சேர்த்தால், நீங்கள் ஒரு பக்கத்தை மாத்திரம் மனனம் செய்தவரல்லர் என்பது தெரியும்.

ஐவர் குழு

நூலை வாசித்த ஜெனீவாச் சட்டத்தரணி குஸ்தாவ் முவானியே, தாம் தலைமை வகித்த பொதுநலச் சங்கத்தில் அந்த யோசனைகளை முன்வைத்தார். 1863 பெப்ரவரியில் ஐவர் குழு அமைந்தது. முவானியே, டூனாண்ட், ஜெனரல் துபூர், வைத்தியர்களான அப்பியா, மொனுவார் என்போரே அவ்வைவர். இக்குழுவே பின்னர் சர்வதேச செஞ்சிலுவைக் குழு எனப் பெயர்பெற்றது.

டூனாண்ட் கனவு காண்பவர். முவானியே ஒழுங்கு செய்பவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1863 செப்டெம்பரில் பெர்லின் மாநாட்டுக்குச் சென்ற டூனாண்ட், படை வைத்தியர்களும் தொண்டர்களும் நடுநிலையாளராகக் கருதப்பட வேண்டும் என்ற கருத்தைக் குழுவைக் கேளாமலே அச்சிட்டுப் பரப்பினார். நடக்காத காரியம் என்று முவானியே அதிருப்தி கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டே அது சட்டமாயிற்று. மறுபுறம், முவானியேயின் சட்ட அறிவும் பொறுமையும் இல்லாதிருந்தால் டூனாண்டின் எண்ணம் நூலோடு நின்றிருக்கும். இருவரில் ஒருவரை மாத்திரம் ‘தாபகர்’ என எழுதுவது வழக்கமாயினும் அது முழு உண்மையன்று.

1863 ஒக்டோபரில் 16 நாடுகளின் பிரதிநிதிகள் ஜெனீவாவில் கூடித் தொண்டர் சங்கங்களை அமைக்க இணங்கினர். 1864 ஓகஸ்ட் 22 இல் 12 நாடுகள் முதலாவது ஜெனீவாச் சமவாயத்தில் கைச்சாத்திட்டன. அதில் இருந்தவை பத்தே பத்து உறுப்புரைகள். காயமுற்ற படைவீரர் எந்நாட்டவராயினும் பராமரிக்கப்பட வேண்டும். வைத்தியசாலைகளும் நோயாளர் வண்டிகளும் தாக்கப்படலாகாது. அவற்றை அடையாளங் காட்ட வெள்ளை நிறத்தில் சிவப்புச் சிலுவை பயன்படுத்தப்படும் என்பவை அவற்றின் சாரம்.

டூனாண்டின் பிற்கால வாழ்க்கை துயரமானது. வியாபாரம் முறிந்து 1867 இல் கடனாளியாகிக் குழுவிலிருந்தும் விலகி, பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். ஹைடன் என்ற சுவிற்சர்லாந்துக் கிராமத்தில் மறக்கப்பட்டுக் கிடந்தவரை 1895 இல் ஒரு பத்திரிகையாளர் உலகிற்கு நினைவூட்டினார். 1901 இல் முதலாவது சமாதான நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாசி என்ற பிரெஞ்சுக்காரருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் காலமானது 1910 இல். அவர் பிறந்த மே 8 ஆந் திகதியே உலக செஞ்சிலுவை, செம்பிறை தினம்.

சின்னம் பற்றிய குறிப்பு

சிவப்புச் சிலுவை என்பது சுவிற்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றியமைத்த வடிவம். சமயக் குறியாக அது கருதப்படவில்லை. எனினும் 1876 இல் ரஷ்யாவுடனான போர் நெருங்கிய வேளையில் ஓட்டோமன் பேரரசு தமது படைவீரரின் உணர்வைக் கருதி செம்பிறையைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. 1929 இல் செம்பிறைக்குச் சமவாய அங்கீகாரம் கிடைத்தது. எந்தச் சமயத்தையோ நாட்டையோ நினைவூட்டாத செம்பளிங்கு என்ற மூன்றாவது சின்னம் 2005 இல் ஏற்கப்பட்டது. உலகம் முழுவதற்கும் ஒரே அடையாளம் என்பது சொல்ல இலகு. நடைமுறையில் ஒரு சின்னத்தை மூன்றாக்க வேண்டியிருந்தது. பயன் ஒன்றாயிருப்பின் வடிவத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்ற அந்த முடிவே இயக்கத்தை முஸ்லிம் நாடுகளிலும் வேரூன்றச் செய்தது.

பாடசாலை முதலுதவிப் பெட்டியில் சிவப்புச் சிலுவை வரைவது வழக்கம். உண்மையில் அது சட்டப்படி பொருத்தமற்றது. முதலுதவிக்கான பொதுக் குறியீடு பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவையாகும். சிவப்புச் சிலுவை கண்ட இடமெல்லாம் இருந்தால், போர்க்களத்தில் அதைக் காணும் சிப்பாய் அதை மதிக்கமாட்டான். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஜெனீவாச் சமவாயங்கள் சட்டம் இச்சின்னத்தைப் பாதுகாக்கிறது.

70 இலட்சம் அட்டைகள்

இயக்கம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளங்க முதலாம் உலக யுத்தமே சிறந்த உதாரணம். 1914 ஓகஸ்டில் யுத்தம் மூண்டதும் ஜெனீவாவில் யுத்தக் கைதிகளுக்கான சர்வதேச முகவரகம் திறக்கப்பட்டது. வேலை பின்வருமாறு நடந்தது. ஒவ்வொரு நாடும் தான் பிடித்த கைதிகளின் பட்டியலை அனுப்பும். தொண்டர்கள் ஒவ்வொரு பெயரையும் ஓர் அட்டையில் எழுதி அகரவரிசையில் வைப்பர். மகனைக் காணாத தாய் எழுதிய கடிதம் வந்தால் அப்பெயருக்கும் ஓர் அட்டை எழுதப்படும். பட்டியல் அட்டையும் விசாரணை அட்டையும் பெட்டிக்குள் ஒன்றையொன்று சந்திக்கும் நாளில் அந்தத் தாய்க்குச் செய்தி போகும்.

கணினி இல்லாத காலம் அது. ஏறத்தாழ 70 இலட்சம் அட்டைகள் கையாலும் தட்டச்சாலும் எழுதப்பட்டன. எழுதியவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜெனீவா நகரத்தவர்; அவர்களுள் பெண்கள் அதிகம். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலன்டும் அங்கு வந்து கடிதங்களுக்குப் பதில் எழுதினார். யாரும் துப்பாக்கிச் சூட்டின் நடுவே ஓடவில்லை. எழுத்துப்பிழையின்றிப் பெயர் எழுதுவதே அங்கு சேவையாக இருந்தது. ஒரே பெயரில் பல நூறு பேர் இருக்கும்போது ஓர் எழுத்து மாறினால் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்த அட்டைகள் 2007 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. குழுவுக்கு 1917, 1944, 1963 ஆகிய ஆண்டுகளில் சமாதான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த யுத்தத்தின் பின் 1919 இல் தேசிய சங்கங்களின் கூட்டமைப்பு உருவாகியது. இதனால் இயக்கம் மூன்று பகுதிகளைக் கொண்டதாயிற்று: ஆயுத மோதல்களின்போது செயற்படும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, இயற்கை அனர்த்தம், சுகாதாரம் முதலியவற்றில் தேசிய சங்கங்களை இணைக்கும் சர்வதேச சம்மேளனம், அந்தந்த நாட்டின் தேசிய சங்கங்கள். குழுவையும் சம்மேளனத்தையும் மாற்றி எழுதாதீர்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் 1949 ஓகஸ்ட் 12 இல் நான்கு ஜெனீவாச் சமவாயங்கள் உருவாகின. தரையில் காயமுற்றோர், கடலில் காயமுற்றோர், யுத்தக் கைதிகள், குடிமக்கள் என்பது அவற்றின் வரிசை. நான்காவதே புதியது. அதுவரை சட்டம் படைவீரரையே பெரிதும் நினைத்திருந்தது. இலங்கை 1959 இல் இவற்றை ஏற்றுக்கொண்டது.

நடுநிலைமையின் விலை

1965 இல் வியன்னா மாநாட்டில் மனிதாபிமானம், பாரபட்சமின்மை, நடுநிலைமை, சுயாதீனம், தன்னார்வ சேவை, ஒற்றுமை, அனைத்துலகத்தன்மை என ஏழு அடிப்படைத் தத்துவங்கள் பிரகடனம் செய்யப்பட்டன. ஏழையும் மனனம் செய்துவிடலாம். கடினமானது நடுநிலைமையை விளங்கிக்கொள்வது. பாரபட்சமின்மை என்பது தேவைக்கேற்ப எவருக்கும் உதவுவது. நடுநிலைமை என்பது மோதலில் எந்தப் பக்கமும் சாராதிருப்பது. யார் சரி, யார் பிழை என்று பகிரங்கமாகச் சொல்லாதிருப்பதும் அதனுள் அடங்கும். இரு தரப்பும் கதவைத் திறக்க வேண்டுமாயின் இரு தரப்பும் நம்ப வேண்டும். நம்பிக்கையின் விலை, பல சமயம், மௌனம்.

1942 ஒக்டோபர் 14 இல் ஜெனீவாவில் குழு கூடியது. நாசி ஜேர்மனி யூதர்களை நாடுகடத்துவதும் கொல்வதும் பற்றிய தகவல்கள் வந்திருந்தன. பகிரங்க வேண்டுகோள் ஒன்றை வெளியிடுவதா என ஆராய்ந்த குழு, வெளியிடுவதில்லை எனத் தீர்மானித்தது. யுத்தக் கைதிகளைப் பார்வையிடும் வாய்ப்பு போய்விடும் என்பது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. பல தசாப்தங்களின் பின்னர், அது தோல்வியே என அக்குழுவின் தலைமையே ஒப்புக்கொண்டது.

நைஜீரியாவின் பியாபிரா யுத்தத்தில் (1967–1970) செஞ்சிலுவையின் கீழ் பணியாற்றிய சில பிரெஞ்சு வைத்தியர்கள், கண்டதைச் சொல்லாதிருக்க முடியாது என்று கருதினர். அவர்களும் சில பத்திரிகையாளரும் சேர்ந்து 1971 இல் எல்லைகளற்ற வைத்தியர்கள் என்ற அமைப்பைத் தொடங்கினர். வடக்கு, கிழக்கில் எம்.எஸ்.எப். என்று உங்கள் பெற்றோர் அறிந்திருப்பது அதுவே. சிகிச்சையளிப்பதோடு கண்டதற்குச் சாட்சி சொல்வதும் கடமை என்பது அதன் நிலைப்பாடு. 1999 இல் அதற்கும் சமாதான நோபல் பரிசு கிடைத்தது.

எது சரி? பரீட்சையில் இவ்வாறு கேட்டால் ஒன்றைத் தெரிந்து நியாயம் காட்டுங்கள். இரண்டும் சரி என்று நழுவாதீர்கள். எமது கருத்து இது: சிறைக்கதவு திறக்க மௌனம் தேவைப்படுமாயின் மௌனம் தகும், கதவு எப்படியும் திறக்காது என்று தெரிந்த பின்னும் மௌனமாயிருப்பது தகாது. நீங்கள் இதை மறுக்கலாம். மறுப்பதாயின் உதாரணத்துடன் மறுக்கவும்.

இலங்கையில்

1934–35 மலேரியாக் கொள்ளைநோயின் பின்னர், 1936 இல் எமது நாட்டில் செஞ்சிலுவைச் சங்கம் ஆரம்பமானது. 2004 டிசெம்பர் 26 சுனாமியின்போது அதன் தொண்டர்களின் பணி நாடெங்கும் அறியப்பட்டது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 இல் இலங்கைக்கு வந்தது. தடுத்துவைக்கப்பட்டோரைப் பார்வையிடுவதும், குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைக் கடிதங்களைக் கொண்டுசெல்வதும் அதன் முக்கிய பணிகளாயின. 1990 இல் யாழ்ப்பாண வைத்தியசாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் பாதுகாப்பு வலயமாக மதிப்பதற்கு இரு தரப்பும் இணங்கின. 2009 பெப்ரவரியிலிருந்து மே முற்பகுதி வரை முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமுற்றோரும் நோயாளரும் இக்குழுவின் ஏற்பாட்டில் கடல்வழியாகத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். மே நடுப்பகுதியில் கப்பல் கரையை அணுக முடியாமற் போனபோது, வழமையாக மௌனம் காக்கும் குழு அந்நிலைமையைப் பகிரங்கமாக வெளியிட்டது. முன்னைய பகுதியில் படித்த விவாதம் எமக்குத் தூரத்தில் இல்லை.

காணாமற்போனோரைத் தேடும் பணி இன்றும் இயக்கத்தின் வேலைகளில் ஒன்று. உங்கள் வீட்டிலோ அயலிலோ பழைய செஞ்சிலுவைக் கடிதம் ஒன்று பத்திரமாக இருந்தால், பெரியவர்களின் அனுமதியுடன் அதனை வாசித்துப் பாருங்கள். அதில் குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம் என்ற விதி ஏன் இருந்தது என்பதற்கு இப்பாடத்திலிருந்தே காரணம் காண உங்களால் முடியும்.

பயிற்சி

1. டூனாண்ட் தமது நூலில் முன்வைத்த இரு யோசனைகளையும் அவை நிறைவேறிய ஆண்டுகளையும் எழுதுக.

2. பாரபட்சமின்மை, நடுநிலைமை ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை ஓர் உதாரணம் மூலம் விளக்குக. (உங்கள் ஊரில் நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தையே உதாரணமாகக் கொள்ளலாம்.)

3. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் ஆட்சேபனைக்கு ஐவர் குழுவின் அங்கத்தவர் ஒருவர் எவ்வாறு பதிலளித்திருப்பார்? பத்து வரிகளில் எழுதுக.

4. உங்கள் பாடசாலையில் வெள்ள அனர்த்தத்திற்கு ஆயத்தமாக ஒரு தொண்டர் குழு அமைக்கப்படுகிறது. வெள்ளம் வருவதற்கு முன்னரே செய்துமுடிக்க வேண்டிய வேலைகளையும் அவற்றுக்குப் பொறுப்பானவர்களையும் காட்டும் திட்டமொன்றைத் தயாரிக்குக. இடம்பெயர்ந்தோரின் பெயர்ப்பதிவை யார், எப்படி வைத்திருப்பார் என்பதை மறவாமல் குறிப்பிடுக.